கபிலப் பொடியும் ஒரு கைனேஸும்

தொண்ணூறுகளில் எங்கள் ஆய்வகத்து ஃப்ரீசரில், புரதங்களின் வேலையைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் குப்பிகள் வரிசையாக நிற்கும். செல்லுக்குள் எந்தப் புரதம் எதற்குச் சேதி சொல்கிறது என்று அறிய, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த மருந்தைச் செல்கள்மேல் விட்டு, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டுவோம். பட்டை மங்கினால் வழி கிடைத்துவிட்டது என்று பொருள். பிடி98059 போட்டால் மெக், எச்-89 போட்டால் பிகேஏ, ராட்லரின் போட்டால் பிகேசி டெல்டா தடைபடும் என்று நம்பினோம்; மூன்றும் கைனேஸ்கள், அதாவது பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள். குப்பியில் எழுதியிருந்த பெயரே அன்று சான்றாக நின்றது.

ராட்லரின் நமக்கு அந்நியமில்லை. குடற்புழு நீக்கவும் பட்டுக்குச் சாயமேற்றவும் பயன்பட்ட கபிலப் பொடியில் இருப்பதுதான் அது. அந்தப் பொடி தரும் மரத்துக்கு முன்பு ராட்லெரா என்று பெயர். தரங்கம்பாடிக்கு வந்து செடிகொடிகளைச் சேகரித்து, தமிழ் அகராதியும் தொகுத்த ஜே. பி. ராட்லர் என்ற பாதிரியாரின் நினைவாக வைத்த பெயர். ராட்லரின் பிகேசி டெல்டாவைத் தடுக்கிறது என்று 1994இல் ஒரு கட்டுரை வந்தது. அதை நம்பி எழுதப்பட்டவை ஏராளம்.

2000இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் பிலிப் கோஹனின் குழு, கடையில் கிடைத்த 28 இன்ஹிபிட்டர்களைப் பல கைனேஸ்கள்மேல் சோதித்தது. என்ன அருமையான வேலை! எச்-89, பிகேஏவை மட்டுமல்லாமல் எம்எஸ்கே1, எஸ்6கே1, ராக்-2 ஆகிய கைனேஸ்களையும் முடக்கியது. ராட்லரினோ பிகேசி டெல்டாவைத் தடுக்கவே இல்லை. அது மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைக் குலைத்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைக் குறைக்கிறது என்பது அடுத்த ஆண்டே வெளிவந்தது. ஏடிபி குறைந்த செல்லில் எந்தச் சமிக்ஞைதான் ஒழுங்காக ஓடும்?

இன்று நிலைமை எவ்வளவோ மேல். மனிதரிடம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின்மேல் ஒரே மூச்சில் ஒரு மருந்தைச் சோதித்துவிடலாம். எந்த மருந்தை நம்பலாம் என்று வல்லுநர்கள் மதிப்பிட்டுச் சொல்லும் கெமிக்கல் புரோப்ஸ் போர்ட்டல் 2015இலிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மருந்து நுழைய முடியாதபடி கைனேஸின் பள்ளத்தை மாற்றியமைத்து, அந்த மாற்றிய கைனேஸ் உள்ள செல்லில் மருந்தின் விளைவு மறைகிறதா என்று பார்க்கும் முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதைவிட உறுதியான சான்று அரிது.

ஆனாலும் ராட்லரின் இன்னமும் பிகேசி டெல்டா இன்ஹிபிட்டர் என்ற பழைய பெயரிலேயே விற்கப்படுகிறது, வாங்கப்படுகிறது. ஆய்வுக்கு வரும் பிள்ளைகளே, வாங்கும் முன் போர்ட்டலைப் பாருங்கள். வேதி அமைப்பில் தொடர்பில்லாத இரண்டு மருந்துகளை, குறைந்த அளவில் போடுங்கள். கைனேஸை நீக்கிய செல்லிலும் அதே விளைவு வந்தால், உங்கள் மருந்து வேறெதையோ தொடுகிறது.