அண்ணன் வைத்த கறை

பணி ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர்கள் பொதுவாக ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அமெரிக்காவின் பெஞ்சமின் டக்கர் (பெயரே டக்கர்தான்) எழுபதைத் தாண்டியபின் லெடர்லே மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மருந்து தரும் நுண்ணுயிரைத் தேடி, தெரிந்தவர்களிடமெல்லாம் மண் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். 1945-இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் புல்வெளியிலிருந்து வந்த மண்ணில் தங்க நிறத்தில் ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அதன் கசிவிலிருந்து எடுத்ததுதான் 1948-இல் சந்தைக்கு வந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குடும்பத்தின் மூத்த பிள்ளை.

அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தி அறுவைசிகிச்சை வகுப்புக்குப் போய், ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்தால் முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். வாங்கியவர். அந்தப் பேராசிரியரின் கணிப்புத் திறமை பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல?

போட்டிக் கம்பெனியான ஃபைசர் சும்மா இருக்குமா? ஊர் ஊராக மண் அள்ளிப் பார்த்து, கடைசியில் தன் ஆலை இருந்த டெர்ரே ஹோட் ஊர் மண்ணிலேயே டெர்ராமைசினைக் கண்டுபிடித்தது. 1950-இல் அது கடைக்கு வந்தது. காய்ச்சலா, இருமலா, காதுவலியா, எல்லாவற்றுக்கும் இதே குடும்பம். குழந்தைகளுக்கென்று சிரப் வேறு.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பலவீனம்: கால்சியத்தைக் கண்டால் விடாது. நிரந்தரப் பற்களின் மேல்பகுதி உருவாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுவரை, அதுவும் ஈறுக்குள்ளே. அப்போது உடம்பில் மருந்து இருந்தால் அது பல்லோடு பல்லாகப் படிந்துவிடும். இரண்டு வயதில் குடித்த சிரப்புக்கான சாட்சி ஆறேழு வயதில்தான் வாய்க்குள் முளைக்கும்: முதலில் மஞ்சள், வெயில் படப்பட முன்பற்களில் பழுப்பு. எத்தனை தேய்த்தாலும் போகாது. பல் தேய்க்கவில்லை என்று அடி வாங்கிய பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்காக மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட குழந்தைகளின் பற்களில் இதை மருத்துவர்கள் 1950-களில் கவனித்தார்கள். 1970-இல் அமெரிக்க அரசு எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று எச்சரிக்கை ஒட்டியது.

ஆனால் முதல் குற்றவாளி டக்கரும் இல்லை, ஃபைசரும் இல்லை. நைல் நதிக்கரை நூபியாவில் கி.பி. 350 முதல் 550 வரை வாழ்ந்தவர்களின் எலும்புகளைப் புற ஊதா ஒளியில் வைத்தால் மஞ்சள் பச்சையாக ஒளிர்கின்றன. 1980-இல் ஆய்வாளர்கள் இதற்கான காரணத்தைச் சொன்னபோது பலர் நம்பவில்லை; 2010-இல் வேதிச் சோதனை உறுதி செய்தது. உள்ளே இருந்தது டெட்ராசைக்ளினேதான்! அதைக் கசியவிடும் நுண்ணுயிர் குடியிருந்த தானியத்தில் பீர் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தையின் எலும்பிலும் அது நிறைந்திருந்தது. எச்சரிக்கை ஒட்ட அங்கே பாட்டில் இல்லை, பானைதான்.

குடும்பத்தின் தம்பிகளில் ஒன்றான டாக்ஸிசைக்ளின் 1967-இல் சந்தைக்கு வந்தது. கால்சியத்தோடு இதற்கு அவ்வளவு ஒட்டுறவு கிடையாது. இருந்தும் அண்ணன்கள் வைத்த கறைக்காக இதன் முதுகிலும் அதே எச்சரிக்கையை ஒட்டிவிட்டார்கள். பல்லைக் காப்பாற்றப் போய் ஆளையே பறிகொடுக்கிற கூத்து இங்கேதான். உண்ணி கடித்து வரும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலுக்கு உருப்படியான மருந்து டாக்ஸிசைக்ளின்தான். சில நாள் தாமதித்தாலே உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவில் 1999 முதல் 2007 வரை அந்நோய் கண்டவர்களில் பத்து வயதுக்குட்பட்டோர் 6 சதவீதத்துக்கும் குறைவு. இறந்தவர்களில் 22 சதவீதம். பல் வெள்ளையாக இருந்து யாருக்கு லாபம்?

ஒருவழியாக யாரோ வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள்; முடிவு 2015-இல் வெளியானது. எட்டு வயதுக்கு முன் டாக்ஸிசைக்ளின் சாப்பிட்ட 58 பிள்ளைகள், சாப்பிடாத 213 பிள்ளைகள். யார் எந்தப் பக்கம் என்று பல் மருத்துவர்களுக்குச் சொல்லவில்லை. டெட்ராசைக்ளின் கறை ஒருவர் பல்லிலும் இல்லை. அதன்பிறகு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், 21 நாள்வரை எந்த வயதுக் குழந்தைக்கும் டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாம் என்று 2018-இல் இறங்கிவந்தது. நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸுக்கும் குழந்தை மருத்துவர்கள் எழுதுவது இதைத்தான். அண்ணன்களுக்கோ அந்த எட்டு வயதுத் தடை அப்படியே இருக்கிறது. அவர்களுக்காக ஜாமீன் கேட்டும் யாரும் வரவில்லை.