பெண்மனம் அறிந்த பெருந்தகையே!

ஐயா, பெண்மனத்தை உங்களைப் போல் அறிந்தவர் யாருண்டு? உங்கள் கதைக்காக ராயபுரத்து லைன் வீட்டில் ஒரு பனியன் கம்பெனிப் பெண்ணைக் குடிவைத்தீர்கள். பொதுக் குளியலறை வாசலில் அவளைக் குடத்தோடு காக்கவைக்கவில்லை. ஈரக் கூந்தலோடு நேரே கண்ணாடி முன் நிறுத்தினீர்கள். எட்டரை மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவள் தன் அழகைத் தானே ரசிக்க இரண்டு பக்கம் அவகாசம் கொடுத்தீர்களே, எந்த முதலாளிக்கு அந்த மனம் வரும்?

செக்கிங் டேபிள் முன்னால் நாளெல்லாம் நின்று பிசிர் வெட்டுகிறவள் அவள். உங்கள் கதையில் அவளுக்குக் கால் கடுத்ததில்லை, பஞ்சுத்தூசி மூக்கில் ஏறியதில்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்தும் மல்லிகை வாடவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை வாடகைக்கு, மளிகைக்கு, குழுக் கடனுக்கு என்று பிரிக்கும் தொல்லையையும் நீக்கிவிட்டீர்கள். கட்டிங் மாஸ்டர் திரும்பிப் பார்ப்பாரா என்ற ஒரே கவலையோடு விட்டீர்கள். எந்தத் தொழிற்சங்கமும் வாங்கித் தராத சுகம் இது.

உங்களுக்கு முன்னால் எழுதியவர்களுக்கு இந்தத் தாராளம் கிடையாது. புதுமைப்பித்தன் ‘பொன்னகரம்’ கதையில் மில் தொழிலாளி அம்மாளுவுக்குக் கொடுத்தது, அடிபட்டுக் கிடக்கும் புருஷனும் பால்கஞ்சிக்குக் காசில்லாத இரவும்தான். ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்காவைத் தானே பேச விட்டார். ராஜம் கிருஷ்ணனோ தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய் ஆண், பெண் தொழிலாளர் இருபாலரையும் பார்த்துக் கேட்டு ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். நீங்கள் அந்த வெயிலில் அலையவில்லை. உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே ஒருத்தியின் நெஞ்சுக்குள் புகுந்து திரும்பினீர்கள்.

அம்மாளுவோடும் கங்காவோடும் வாசகர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். உங்கள் நாயகியால் எவருக்கும் அந்தச் சிரமமில்லை. புத்தகத்தை மூடியதும் சத்தமில்லாமல் போய்விடுகிறாள். அவ்வளவு அடக்கமாக வளர்த்திருக்கிறீர்கள்!

இத்தனை கொடுத்த கை இன்னும் ஒன்று கொடுக்கட்டும். அவளுக்குக் கால் கடுக்கும் ஒரு வேலையும், அந்த வேலையில் ஒரு கைத்திறனும், உங்களை மறுத்துப் பேசும் ஒரு வாயும் கொடுங்கள். ஆண் பெண்ணை எழுதலாம், பெண் ஆணை எழுதலாம். அதற்குத் தடை எதுவுமில்லை. ஆனால், எழுதுமுன் அவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் எழுதியது அவளைப் பற்றிய கதையல்ல, உங்கள் ஆசையைப் பற்றிய கதை.