தகரம் வந்துருச்சு, பட்டி எங்க?

வாங்க மாப்ள, உக்காருங்க. ஹட்டன் டவுன்ல விலைக்கழிவுல போட்டாங்கன்னு 14 தகரம் வாங்கிட்டு வந்து ஸ்டோர் ரோட்டோரம் இறக்கியிருக்கீங்களாமே, லயம் பூராவும் அதே பேச்சு. மாடு எப்ப வருதுன்னு கேட்டா, தை பொறக்கட்டும்ங்கிறீங்களாம். பட்டி எங்க போடப் போறீங்கன்னு கேட்டா, மாமாவைக் கேக்கணும்ங்கிறீங்களாம். மாடும் இல்லாம, எடமும் இல்லாம, கூரையை மட்டும் மொதல்ல வாங்கின மனுசன் இந்த டிவிசன்லயே நீங்க ஒருத்தர்தான். பொண்ணு குடுத்த மாமனாருக்கு இதைவிடப் பெருமை வேற என்ன வேணும்?

கோவிச்சுக்காதீங்க. கொழும்புக் கடையில நின்னு சம்பாதிச்ச காசு, கையில இருந்தா அரிக்கத்தான் செய்யும்.

லயத்துக்குப் பின்னாடி எடம் சும்மா கெடக்குதுங்கிறீங்க. இந்த மலையில சும்மா கெடக்குற எடம்னு ஒண்ணும் கெடையாது. 1972லயும் 1975லயும் அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கிச்சு. 1992ல நிர்வாகத்தைக் கம்பெனிகளுக்குக் குடுத்து, அப்புறம் அதை 53 வருசக் குத்தகையாக்குச்சு. நீங்க படுத்துத் தூங்குற காம்பராவே உங்க பேருல இல்ல. கம்பெனியே குத்தகைக்காரன். அந்தக் குத்தகைக்காரன் எடத்துல, அவனையும் கேக்காம, மாட்டைக் குடிவைக்கப் போறீங்க. நல்ல தைரியம். தொரைகிட்ட வாயால கேட்டு, அவர் தலையாட்டினதை அனுமதின்னு எடுத்துக்காதீங்க. தொரைமார் மாத்தலாகிப் போயிருவாங்க, ஆட்டின தலையையும் கூடவே கொண்டுபோயிருவாங்க. எழுதி வாங்குங்க.

நேத்து சாயங்காலம் நானே போய் அந்த எடத்தைப் பார்த்தேன். பின்னாடி மண்மேடு, அதுல பச்சைப்பாசி. கார்த்திகை மழை விட்டு எத்தனையோ நாளாச்சு, இன்னும் அந்த மேட்டடியில சொதசொதன்னு தண்ணி கசியுது. பக்கத்துல போற கான் பாதி தூர்ந்து கெடக்கு. நீங்க என்னன்னா, நாலடி வெட்டிச் சமப்படுத்திட்டா எல்லாம் சரின்னு சொன்னீங்களாம். மேட்டோட காலை வெட்டிட்டா அது எதுல நிக்கும்? உங்க தகரத்துலயா?

இந்த ஒரு விசயத்துல மட்டும் நான் வெளையாடல, மாப்ள. கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில லயத்தையே மண்ணு மூடுச்சு. எடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் சொல்லியிருந்தாங்க. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப மலை எங்கெங்க எறங்குச்சுன்னு உங்களுக்கே தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்னு ஒண்ணு இருக்கு, அவங்ககிட்ட மண்சரிவு வரைபடம் இருக்கு. மாட்டுப்பட்டிக்கெல்லாம் அவங்களைக் கேக்கணுமான்னு சிரிக்காதீங்க. கிராம சேவகரைப் போய்ப் பார்த்தா யாரைக் கேக்கணும்னு சொல்லுவார். நெலத்துல புதுசா வெடிப்பு, புதுசா ஊத்து, சாஞ்ச மரம், இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அங்க மாட்டையும் கட்டாதீங்க, மனுசனையும் கட்டாதீங்க.

அது ஏன் அந்த எடத்து மேலயே கண்ணு உங்களுக்கு? எனக்குத் தெரியும். பெரட்டுக்களத்துல நின்னா நேரா தெரியும். காலையில பேரு போட வர்ற சனம் பூராவும் உங்க தகரம் மின்னுறதைப் பார்க்கணும். அதுக்காக மாடு மேக்கால பார்த்து நிக்கணும். வைகாசியில தென்மேற்குக் காத்து கெளம்பினா ஹட்டன், டிக்கோயாப் பக்கம் மழை மேல இருந்து பெய்யாது, பக்கவாட்டுல வரும். வாசலை மேக்கால வச்சீங்கன்னா மாட்டுக்கு முன்னால புல்லு இருக்காது, கொளம் இருக்கும். கந்தப்பளை, உடப்புசல்லாவைப் பக்கம் இருக்கிற உங்க சகலை சொன்ன பிளானை அப்படியே இங்க போடாதீங்க. அவருக்கு மழை கொட்டுறது வாடைக்காத்துல. அவருக்குச் சரியான வாசல் உங்களுக்கு வினை.

அளவுக்கு வருவோம். ஒரு பால்மாடு நிக்க நாலடி அகலம் வேணும். ரெண்டு மாடு, ஒரு கண்ணுக்குட்டி, ஆக 12 அடி. நீளவாக்குல தொட்டிக்கு ரெண்டடி, மாடு நிக்க அஞ்சரை, சாணி விழுற கானுக்கு ஒண்ணு, ஆளு நடக்க ஒண்ணரை, ஆக 10 அடி. 10க்கு 12. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? வெள்ளக்காரன் நம்ம பாட்டன் பூட்டனுக்குக் குடும்பத்தோட இருக்கக் குடுத்த காம்பராவும் அதே 10க்கு 12தான். ரெண்டு மாட்டுக்கும் ஒரு கண்ணுக்கும் சரியான அளவுன்னு அவனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. ஆளைத்தான் மாத்தி ஏத்திப்புட்டான்.

தரையைத் தட்டையாப் போட்டுறாதீங்க. 10 அடிக்கு ரெண்டு மூணு அங்குலம் சரிவு, மூத்திரம் தானா ஓடுற அளவு. கூடச் சரிச்சா மாடு வழுக்கும். ஓடுற மூத்திரம் எங்க போகுதுன்னும் பாருங்க. உங்க எடத்துக்கு நேர் கீழ, கீழ் லயத்துப் பீலி. அதுல சனம் குடிதண்ணி புடிக்குது. மாடு வாங்குன வாரத்துலயே அவங்க தலைவரைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னா, மாமா வந்து சமாளிப்பார்னு நெனைக்காதீங்க. நானும் அவங்க பக்கம்தான் பேசுவேன். சாணிக்குழியைப் பீலிக்கு ஒதுக்கமா, கோவா, போஞ்சி போடுற பாத்திக்கு மேல வச்சா எருவை எறக்கத்துல தள்ளிவிடலாம். மேட்டுக்கு ஏத்துறது யாருன்னு கேட்டா நீங்க என் மகளைத்தான் பார்ப்பீங்க.

ஆமா, அவளைக் கேட்டீங்களா?

பால்மாடு ஒண்ணு நாளைக்கு 40 கிலோ பச்சைப்புல்லுக்குக் கொறையாமத் தின்னும். ரெண்டுக்கு 80. தண்ணி ஒவ்வொண்ணுக்கும் 40, 50 லீட்டர். நம்ம புள்ள மலையில 18, 20 கிலோ கொழுந்து எடுக்கத்தான் காலையில இருந்து குனிஞ்சு நிக்கிறா. அதுக்கு மேல 80 கிலோ புல்லு. நீங்க தீவாளிக்கும் பொங்கலுக்கும் வந்து மாட்டுக் கழுத்துல மாலை போட்டு போட்டோ புடிச்சுக்கிட்டுப் போவீங்க. அதனால மொதல்ல புல்லை நடுங்க. கோயம்புத்தூர்ல உருவாக்கின கோ-3 புல்லு இங்கயும் நல்லா வருது, கட்டை வாங்கி இப்பவே ஊன்றலாம். அது வளர்ற வரைக்கும் உங்க தகரம் ரோட்டோரம் கெடந்து துருப் புடிக்கட்டும், ஒண்ணும் கொறையாது.

பெரிய ஆளுங்களே அவசரப்படல. லூல்கந்துரயில ஜேம்ஸ் டெய்லர் 1867ல 19 ஏக்கர்ல தேயிலை போட்டாரே, உடனே ஸ்டோரா கட்டினார்? பங்களா இஸ்தோப்புல மேசையைப் போட்டு, கையால கொழுந்தை உருட்டி, களிமண் அடுப்புல கரி போட்டுக் காய வச்சார். 1872லதான் ஸ்டோர் வந்துச்சு. உங்களை நான் இஸ்தோப்புல மாடு கட்டச் சொல்லல. கட்டிடாதீங்க. மேல் லயத்துல பட்டி காலியாக் கெடக்குறவங்ககிட்ட ஒரு மாட்டைக் கட்ட எடம் கேளுங்க. ஒரு மழைக்காலம் பார்த்துட்டா எல்லாம் தெரிஞ்சிரும்.

இனி தகரத்துக்கு வருவோம், நீங்க அதுக்குத்தானே வந்தீங்க. 30 கேஜ்னு பெருமையாச் சொன்னீங்களாம், 26ஐ விட நாலு கூடன்னு. கேஜ்ல நம்பர் கூடக்கூடத் தகரம் மெலியும், மாப்ள. கடைக்காரர் அதைச் சொல்லல, நீங்களும் கேக்கல. பரவாயில்ல. ஆணியையாவது தகரத்தோட மேட்டுல அடிங்க, வாசர் போட்டு. பள்ளத்துல அடிச்சா மழைத்தண்ணி பூராவும் அந்த ஓட்டையைத் தேடித்தான் வரும்.

நீளம் எட்டடியாமே. பட்டி 10 அடி, முன்னால ஒரு அடி, பின்னால ஒரு அடி எறவாணம், ஆக 12 அடிக் கூரை. ஒரு தகரம் போட்டா நாலடி பத்தாது. ரெண்டை அரையடி ஏத்திப் போட்டா மூணரையடி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், மொதக் காத்துக்கே பிச்சுக்கிட்டுப் போகும். 12 அடித் தகரம் ஏழு வாங்கியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். நாலடி ஏத்திப் போட்டுரலாம்னு யோசிக்கிறீங்க, மூஞ்சி சொல்லுது. தகரத்துக்குக் குளிருதுன்னு போர்வையா போத்துறீங்க? வெட்டுங்க. வெட்டினா மூணரையடித் துண்டு ஏழு மிஞ்சும். என் கோழிக்கூட்டுக்கு ஆறு போதும். அளந்துட்டேன். இன்னொண்ணை நீங்களே வச்சுக்குங்க.