மிஸ்ஸி ஆகப் போகிறாயா, தங்கச்சி?

ஜொகூரில், ஸ்கூடாயில் அறை வாடகையை நீயே கட்டி, சாப்பாட்டுக்கும் நீயே சம்பாதித்து, தாதியர் படிப்பும் படிக்க வேண்டுமா? கவலையை விடு. இந்த நாட்டில் வழிக்குப் பஞ்சமே இல்லை. எல்லா வழியிலும் டோல் மட்டும் உண்டு.

தனியார் கல்லூரியில் மூன்று வருஷ டிப்ளோமாவை எடுத்துக்கொள். வெறும் வகுப்பு என்றால் மாலையில் கடை கவுண்டரில் நின்றாவது சமாளிப்பாய். ஆனால் வார்டுப் பயிற்சி இருக்கிறதே! காலை, மதியம், இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். படுக்கை விரிப்பு மாற்றுவாய், பிரஷர் பார்ப்பாய், மூத்திரப் பையில் எத்தனை மில்லி என்று குனிந்து பார்த்து எழுதுவாய். அதற்குச் சம்பளம் கேட்காதே, அது படிப்பு. படிப்புக்குக் கட்டணம் நீதான் கட்ட வேண்டும். அடுத்த வாரம் எந்த நேரம் வருவாய் என்று கடை முதலாளி கேட்பார், உனக்கே தெரிந்திருக்காது. உன் இடத்தில் வேறொருத்தி நிற்பாள்.

நான்கு வருஷப் பட்டமா? அதே வார்டுதான், கடன் மட்டும் ஒரு வருஷம் கூடுதல். சம்பளப் படி உயரம், உண்மைதான். அதுவரை எதைத் தின்பது என்று எந்தக் கையேடும் சொல்லாது. ஆஸ்பத்திரிக்காரர்களே படிக்க வைப்பதும் உண்டு. பாண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இத்தனை வருஷத்துக்கு அசைய முடியாது.

டிப்ளோமா முடித்து, வேலையில் உட்கார்ந்து, மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பட்டம் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். கையில் காசில்லாதவளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். நைட் டியூட்டி முடித்து நேரே பாடத்தில் உட்காரும் உடம்பு வேண்டும், அவ்வளவுதான்.

கடனுக்கு 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். என்ற உயர்கல்விக் கடன் நிதி இருக்கிறது. கட்டத் தவறியவர்கள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று ஒரு காலத்தில் தடை வைத்திருந்தார்கள். சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டிச் சம்பாதித்தால்தான் கடனை அடைக்க முடியும். கடனை அடைத்தால்தான் பாலம் தாண்ட முடியும். இந்த மகா மூளை 2018 வரை உழைத்தது.

தாதியர் பற்றாக்குறையாம்! 2010 வாக்கில் தனியார் கல்லூரிகளுக்குக் கண்மூடி உரிமம் கொடுத்து, டிப்ளோமாவும் கடனுமாக ஆயிரக்கணக்கான பெண்களை வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்தது யார்? அவர்கள் கதையைக் கேட்ட தங்கைகள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்றால் அது யார் குற்றம்?

2024இல் சிங்கப்பூர் என்ன செய்தது? பொதுச் சுகாதாரத் துறையில் நிலைத்து நிற்கும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 1,00,000 டாலர் வரை என்று அறிவித்தது. நான்கு வருஷம் உழைத்த வெளிநாட்டினருக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டு நாம்? வாரத்துக்கு 42 மணி நேர வேலையை 45 ஆக்குகிறோம் என்றோம். எதிர்ப்புக் கிளம்பியதும் ஒத்திவைத்தோம். பிறகு ஜொகூர்ப் பெண்கள் விடியுமுன்னே உட்லண்ட்ஸ் பஸ் ஏறினால் நாட்டுப்பற்று இல்லை என்று முகம் சுளிக்கிறோம். நாட்டுப்பற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மாசாயில் எந்த வீட்டுக்காரர் வாடகையைக் கழித்துக்கொள்கிறார்?

வார்டில் வேலை வாங்கும் எல்லா மாணவிகளுக்கும் மாதாமாதம் படிப்பணம் கொடுங்கள் என்றால் பட்ஜெட் இடம் கொடுக்காதாம். தாதியர் தினத்துக்குக் கேக் வெட்ட மட்டும் இடம் கொடுக்கும்.

நீ எதற்கும் இந்தச் சனிக்கிழமை கல்விக் கண்காட்சிக்குப் போய்ப் பார், தங்கச்சி. பையும் பேனாவும் இலவசம்.