அறைந்து சாத்தக் கதவில்லாத வீடு

என் கணவர் மதுரைக்காரர். வைகையில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்குமே, அந்த மதுரை. ஆக்லாந்துக்குக் குடிவந்து பன்னிரண்டாவது வருடம், பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் போய்விட்டு வந்தார். ராத்திரி சாப்பிடும்போது, "நாம பிஜிக்குப் போறோம்" என்றார். பிள்ளைகள் துள்ளினார்கள். "பாய்மரப் படகுல" என்றார். ரசத்தை உறிஞ்சும் சத்தம் கூட நின்றுபோனது.

நான்கு வருடம் ஆகிறது. இப்போது எங்களுக்கு 12 மீட்டர் நீளத்தில், என்னைவிடக் கொஞ்சமே இளைய படகு ஒன்று இருக்கிறது. வீட்டுக் கடனுக்கு ஒரு தம்பி பிறந்திருக்கிறான். தென் பசிபிக்கில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம் என்பதால் மே மாதம் கிளம்புகிறோம். வடக்கே ஓபுவா துறைமுகத்திலிருந்து பிஜிக்கு ஏறக்குறைய 1,100 கடல் மைல். மணிக்கு எட்டரை கிலோமீட்டர் வேகத்தில், அதாவது பால்காரர் சைக்கிளில் முந்திப்போகிற வேகத்தில், பத்து நாள்.

"ஏம்மா, அங்க பிளேனு கீனு ஓடலையா?" என்று மாமியார் போனில் கேட்டார். ஓடுகிறது அத்தை, மூன்று மணி நேரம்தான் என்றேன். நெடுநேரம் பேச்சே இல்லை. 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக நம் சனங்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன தீவு அது, நாந்தியில் பெரிய முருகன் கோவில் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். அவர்களைக் கப்பலில் ஏற்ற ஆள் பிடித்தார்கள். நாங்கள் கடன் வாங்கி ஏறுகிறோம்.

பிள்ளைகளுக்கு உற்சாகம் ஊட்ட இவர் ராபர்ட்சன் குடும்பத்தின் கதையைச் சொன்னார். அதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 1971-ல் இங்கிலாந்திலிருந்து பிள்ளைகளோடு உலகம் சுற்றக் கிளம்பியவர்கள். அடுத்த வருடம் கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே ஓர்க்கா திமிங்கிலங்கள் மோதிப் படகு மூழ்கியது. மழைத்தண்ணீரும் ஆமைக்கறியுமாக 38 நாள் தாக்குப்பிடித்து, ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றால் பிழைத்தார்கள். "பாரு, குடும்பமா இருந்ததால சமாளிச்சாங்க" என்று முடித்தார்.

பதினேழு வயது மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். "அவங்க பொண்ணு பஹாமாஸ்லயே இறங்கிட்டாளாமே. நம்ம வழியில இறங்கறதுக்கு என்ன இருக்கு?"

கொஞ்சம் ஒதுங்கிப் போனால் மினர்வா என்று ஒரு பவளத்திட்டு இருக்கிறது. கடல் ஏறினால் அதுவும் மூழ்கிவிடும்.

கடலை நினைத்து நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. பயமெல்லாம் திரையை நினைத்துத்தான். படகின் முன்னறைக்கு இருந்த கதவைப் பழைய உரிமையாளர் கழற்றிவிட்டுத் திரை போட்டிருந்தார். மகளோ கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துகிற ரகம். எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள விரிசலே அதற்குச் சாட்சி. முதல் வாரமே படகில் சண்டை வந்தது. "நான் யார்கூடவும் பேசப் போறதில்ல" என்று உள்ளே போய்த் திரையை வெடுக்கென்று இழுத்தாள். வளையங்கள் கிணிகிணியென்று கோவில் மணி மாதிரி ஒலித்தன. இன்னொரு தடவை இழுத்தாள். மூன்று வளையங்கள் கழன்று தெறித்தன. கம்பியை ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் வளையத்தைக் கோர்க்க முடியும். சண்டை போட்டவளும் நானுமாக அரைமணி நேரம் உட்கார்ந்து கோர்த்தோம், பேசாமல்.

நியூசிலாந்துப் படகு வெளிநாடு போவதென்றால் பாதுகாப்புப் பரிசோதனை உண்டு. ஆய்வாளர் வந்தார். உயிர்காப்புத் தெப்பம், தீயணைப்பான், அபாய சமிக்ஞைக் கருவி எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் சமையல் மேடைக்குக் கீழே குனிந்து நின்றுவிட்டார். என் கிரைண்டர். படகு புரண்டால் கனமான எந்தப் பொருளும் இடம்விட்டு நகரக் கூடாது என்பது விதி. பதினொரு கிலோ கருங்கல்லைத் தட்டிப் பார்த்து, "இது எதற்கு?" என்றார். இட்லிக்கு என்றேன். இட்லி என்றால் என்ன என்று கேட்கவில்லை. பீரங்கிக் குண்டு என்றே முடிவு கட்டியிருப்பார். கிரைண்டர் இப்போது வீட்டில். அரிசி மாவு மூட்டை படகில்.

பதினான்கு வயது மகனுக்கு முட்டை இலாகா. கழுவாத பண்ணை முட்டைக்கு வாசலின் தடவி, இரண்டு நாளைக்கு ஒருமுறை புரட்டி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. பிஜியில் நாலு மாதம் சுற்றப்போகிறோமே என்று ஒத்திகையாகப் பத்து டஜன் வாங்கினேன். ஒவ்வொன்றாகத் தடவினான். எண்பதாவது முட்டையில், "அம்மா, பிஜியில கோழி இல்லையா?" என்றான். அதை முதலில் யோசித்திருக்க வேண்டியவள் நான்.

இரவுக் காவலும் உண்டு. தூரத்தில் கப்பல் விளக்கு தெரிகிறதா என்று எப்போதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். வீட்டில் விடிய விடிய விழித்துக் கிடக்கிற மகளுக்கு நள்ளிரவு முதல் மூன்று மணி வரை என்று எழுதினோம். எந்தப் பழக்கத்துக்காக நான் தொண்டை வறளத் திட்டினேனோ, அதற்கே உத்தியோகம் கிடைத்துவிட்டது. கடமை என்று ஆனதும் ஒன்பது மணிக்கே கொட்டாவி விடுகிறாள்.

போன சனிக்கிழமை, ஆள் கடலில் விழுந்தால் எடுக்கும் பயிற்சி. துறைமுகச் சுவரில் படகு உரசாமலிருக்கத் தொங்கவிடும் ரப்பர் உருளைக்கு இவருடைய தொப்பியை மாட்டி, அதுதான் அப்பா என்று கடலில் எறிந்தோம். ஒருவர் விரலை நீட்டியபடி அதன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். இன்னொருவர் படகைத் திருப்ப வேண்டும். முதல் தடவை மகன் விரலை நீட்டிக்கொண்டே டால்பின் பார்த்தான். அப்பா காணாமல் போய், பத்து நிமிடம் கழித்து அகப்பட்டார். இரண்டாம் தடவை மகள் படகை அப்பாவின் மேலேயே ஏற்றினாள். மூன்றாம் தடவை நான்கு நிமிடத்தில் கொக்கி போட்டுத் தூக்கிவிட்டோம். தொப்பி மட்டும் போய்விட்டது.

நிஜ அப்பா கைதட்டினார். மகன் அவர் தோளில் கை வைத்து, "நீங்க விழுந்தா, நேரா மூணாவது தடவை விழுங்கப்பா" என்றான்.

அன்று சாயங்காலமே இவர் கடைக்குப் போய், படகோடு தன்னைப் பிணைத்துக்கொள்ள இன்னொரு இடுப்புக் கயிறு வாங்கிவந்தார். இரண்டு கொக்கி உள்ளது.