சேதாரம் போக 931 ஜிபி

மினி பிசியை மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டிவிடலாம். மேசையில் இடம் அடைக்காது, கரண்ட்டும் அதிகம் இழுக்காது. பெட்டி சின்னது, அதனால் வாங்குவதும் சின்ன வேலை என்று நம்பி கடைக்குள் நுழைகிறவர்களிடம்தான் அந்த இரண்டு கேள்விகள் வரும்: "ரேம் எவ்ளோ சார்? எஸ்எஸ்டி எவ்ளோ?"

பலருக்கு, சில மினி பிசிகளில் இவை இரண்டும் தனியாக வாங்கவேண்டியவை என்பதே அப்போதுதான் தெரியும். வெறும் பெட்டியாக வருவதற்கு 'பேர்போன்' என்று பெயர். குழம்புக்கு உரியதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

என் வீட்டில் இதற்கு ஆளுக்கொரு தீர்ப்பு இருந்தது. 32 ஜிபிக்குக் கீழே போனால் நண்பர்களிடம் தலைகாட்ட முடியாது என்றான் மகன். தன் ஆபீஸில் 4 ஜிபியை வைத்தே ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறார்கள் என்றார் மைத்துனர். அந்த கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போகும் வழக்கத்தை அவர் சொல்லவில்லை. மனைவிக்குக் கவலை ஒன்றுதான். "போட்டோ எல்லாம் கொள்ளுமா?" பாதி போட்டோ 'இனிய காலை வணக்கம்' சொல்லும் ரோஜாப்பூக்கள். "பெரியப்பா அனுப்பினதுங்க, அழிச்சா நல்லாவா இருக்கும்?"

ரிச்சி தெருவில் கடைப் பையன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"என்ன வேலை சார் பண்ணுவீங்க?"

"கட்டுரை எழுதுவேன்."

"குரோம்ல எத்தனை டேப் திறந்திருக்கும்?"

"மூடுற பழக்கம் இல்ல தம்பி."

"அப்ப 16 போட்ருங்க."

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ரேம் ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். அது டிடிஆர்4, பெட்டி கேட்பது டிடிஆர்5. வெட்டு இருக்கும் இடமே வேறு. எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது. இரண்டு 8 ஜிபி போட்டால் டூயல் சேனலில் வேகமாக ஓடும், ஆனால் நாளைக்கு 32 வேண்டுமென்றால் இரண்டையும் கழற்ற வேண்டும். ஒரே 16 போட்டால் பக்கத்து ஸ்லாட் காலியாகக் காத்திருக்கும். நான் காத்திருக்கும் கட்சி.

விலை கேட்டபோதுதான் நகைக்கடையில் நிற்கிற உணர்வு வந்தது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது. "காலைல சொன்ன ரேட் சாயங்காலம் இருக்காது சார்." எஸ்எஸ்டியில் சேதாரமும் உண்டு. 1 டிபி என்று வாங்கி மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. ஒரு பைட்டும் குறையவில்லை, கணக்குதான் வேறு என்பார்கள். நகைக்கடையிலும் இப்படித்தான் விளக்குவார்கள்.

பையன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் முடிந்துகொண்டேன்: பிறகு சேர்க்க முடியாததை முதலிலேயே வாங்கிவிடணும். சில மினி பிசிகளில் ரேமை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். 2024 மேக் மினியில் அது பிராசஸரோடேயே ஒட்டி வருகிறது. 16 வாங்கினால் ஆயுசுக்கும் 16தான். சேமிப்பு அப்படியில்லை. பெரியப்பாவின் ரோஜாக்கள் பெருகினால் யுஎஸ்பியில் ஒரு டிஸ்க்கைச் செருகிக்கொள்ளலாம். அதனால் கை இறுகினால் எஸ்எஸ்டியில் குறைக்கலாம், ரேமில் கூடாது.

நம் பெட்டியில் ரேமைக் கூட்ட வழி உண்டு. அதுதான் ஆபத்து. காலி ஸ்லாட் இருப்பது தெரிந்தால் என் தீபாவளி போனஸுக்கு மகன் இப்போதே துண்டு போட்டுவிடுவான். அடிமூடியின் நாலு திருகாணியையும் கடையிலேயே நன்றாக முடுக்கச் சொன்னேன். வீட்டில் கேட்டதற்கு, "இது பற்றவச்ச மாடல்டா" என்று சொல்லியிருக்கிறேன்.