சேர்க்கைக்கு முந்தைய வக்கீல்

ராஜகுளத்தில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே யாராவது ஒருவர் வக்கீலாகிவிடுவார். கல்லூரிச் சேர்க்கை, ஐந்து வருடப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு எல்லாம் பிற்பாடு சாவகாசமாக நடக்கும். டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளையிடம் யாரும் மே மாதத்திலேயே கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வதில்லை. வக்கீலுக்கு அந்தத் தடை கிடையாது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசுக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. ப்ளஸ் டூ மார்க்தான். செங்கல்பட்டு கிடைக்குமா, புதுப்பாக்கம் கிடைக்குமா என்று தெரிவதற்குள் நம்மவர் டீக்கடை பெஞ்சில் தொழிலை ஆரம்பித்திருப்பார். கிளாட் எழுதி தேசிய சட்டப் பள்ளிக்குப் போகிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்குப் பரீட்சைக்குப் படிக்கவே நேரம் போதாது. ஊர் வழக்கைப் பார்க்க நேரம் ஏது?

வருடத்துக்கு ஒரு முகம் வரும். ரகம் மட்டும் மாறாது. நேற்றுவரை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடியவர், இன்று வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட்டோடு பால் வாங்கப் போவார். "எங்கே போறீங்க?" என்றால் "அது சம்பந்தமா இப்போ எதுவும் சொல்ல முடியாது" என்பார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் டவுனில் கறுப்புக் கோட்டுக்கே அளவு கொடுத்துவிட்டார். "கல்யாணம் எப்போ தம்பி?" என்று டெய்லர் கேட்டதை அவர் பொருட்படுத்தவில்லை. கோட் தைத்து வந்தது அக்னி நட்சத்திரத்தின் நட்டநடுவில். வெயில் காலத்தில் கீழ்க் கோர்ட்டுகளில் கோட் கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. நிஜ வக்கீல்களே கழற்றி மாட்டும் மாதத்தில் இவர் அதைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடை க்யூவில் நின்றார். பாமாயில் தீர்ந்துபோயிருந்தது.

அவருடைய ஆயுதம், உறவுக்காரர் ஒருவர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த இந்திய தண்டனைச் சட்டம். அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் இல்லை. ஆனாலும் இரவு பகலாகப் படித்தார். 511 பிரிவில் பாதியை உருப்போட்ட தெம்பில் ஒருநாள் டீக்கடைக்கு வந்தார். அங்கே ஒருவர், தனக்கு விற்ற விதைக் கடலை முளைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"இது ஃபோர் ட்வென்ட்டி! ஏழு வருஷம் உள்ளே தள்ளலாம்!" என்று நம்மவர் எழுந்து நின்றார்.

பெஞ்சின் ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டையர்டு ஏட்டு தலையைத் தூக்காமலே சொன்னார்: "தம்பி, அந்தச் சட்டமே இப்போ இல்லை. ஏமாத்தினா 318, நாலாவது உட்பிரிவு."

"எப்போலேர்ந்து?"

"2024 ஜூலை ஒண்ணாந் தேதிலேர்ந்து. டீ ஆறுது, குடி."

பாரதிய நியாய சன்ஹிதா 358 பிரிவோடு முடிந்துவிடுகிறது; 420 என்ற எண்ணே அதில் கிடையாது. வெள்ளைக்காரன் 1860-இல் போட்ட நம்பரை நாம் அருமையான வசவாக வளர்த்து வைத்திருந்தோம். இனி ஒருவனை "போடா 318" என்று திட்டினால் பஸ் நம்பர் என்று நினைத்து ஏறப் போவான். நம்மவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் புதுப் புத்தகத்தோடு வந்தார், முகத்தில் ஒரு நிம்மதி. மனப்பாடம் செய்ய 153 பிரிவு குறைச்சல்!

உத்திரமேரூர் பக்கத்தில் பிறந்தவருக்குச் சரித்திரமும் சட்டம்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் சொந்தக்காரர்களும் நிற்க முடியாது என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். கிராம சபையில் இதை எடுத்து வைத்துத் தலைவரை மடக்கினார் நம்மவர். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதே கல்வெட்டுல வயசு என்ன போட்டிருக்கு?" என்றார். முப்பத்தைந்து முதல் எழுபது வரை. நம்மவருக்கு அப்போது பதினேழே முக்கால்.

நடுவில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் அலைச்சல். வீட்டில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று நிரூபித்தால் கட்டணச் சலுகை உண்டு. அவருடைய ஆயா, "படிக்காததுக்குக் கூடவா சர்ட்டிபிகேட்டு தர்றாங்கோ? அப்போ எனக்கு நாலு தரணும்" என்றது. வாயாடுவதெல்லாம் பரம்பரை என்று அன்றைக்குப் புரிந்தது.

இவ்வளவும் கேலிக்குச் சொன்னேன். ஒரு சாயங்காலம் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெரு ஆயா ஒன்று மஞ்சப்பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தது. வரப்பை ஒட்டிய பங்காளி, நிலம் தன்னுடையது என்கிறானாம். பையிலிருந்து மடிப்பில் கிழிந்த பத்திரம், வரி கட்டிய ரசீதுகள், நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை, எல்லாம் வந்தன. நம்மவர் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு காகிதமாகத் திண்ணையில் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் மேலே கூழாங்கல் வைத்தார். போனில் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தார். பட்டா இன்னும் ஆயாவின் மாமனார் பெயரில் இருந்தது. புலப்பட வரைபடத்தை எடுத்து, விரலால் பெரிதாக்கி, வரப்பு எங்கே வளைகிறது என்று ஆயாவுக்குக் காட்டினார்.

"முதல்ல வாரிசுச் சான்று வாங்கணும் ஆயா. அப்புறம் பட்டாவை மாத்தணும். அப்புறம்தான் சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்ல முடியும். சண்டைக்குப் போவாதீங்க" என்றார்.

பிரிவு எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தார், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். ஆயா ஒரு படி வேர்க்கடலையை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போயிற்று.

அன்று ராத்திரி அவர் வழக்கறிஞர் சட்டத்தைப் புரட்டியிருக்கிறார். 1961-ஆம் வருடத்தது, அதில் 24-ஆவது பிரிவுப்படி பதிவு செய்யவே இருபத்தொரு வயது ஆக வேண்டும். இன்னும் தள்ளி 45-ஆவது பிரிவு: உரிமை இல்லாதவர் வக்கீல் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. விடிந்ததும் என் வீட்டுக்கு ஓடிவந்தார். "அண்ணா, வேர்க்கடலை வாங்கினா அது ஃபீஸ் ஆகுமா?"

பாதியை அவர் ஏற்கெனவே தின்றிருந்தார். மீதியை ஆயாவிடம் திருப்பிக் கொடுக்கப் போய், அது வாங்க மறுத்து, கூடவே இரண்டு மாங்காயும் கொடுத்து அனுப்பியது தனிக் கதை.

கல்லூரி திறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. வரப்புத் தகராறு, பட்டா சிக்கல் உள்ளவர்கள் அதுவரை ராஜகுளத்துக்கு வரலாம். கோட் போட்டிருப்பார், தேட வேண்டியதில்லை. கையில் எதையும் கொண்டுவராதீர்கள். பிரிவு 45 இருக்கிறது.